இங்கே படித்துறை இல்லை, தம்பி

போன ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு சிங்கப்பூரில் நான் பாதுகாவலராக இருக்கும் கொண்டோ (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) ஏரிக்கரையில் மறுபடியும் ஒரு தூண்டில்காரர். இந்த மாதத்தில் மூன்றாவது ஆள். "ரெண்டு ஜிலேபி பிடிச்சிட்டுப் போயிடுறேண்ணே. ஊர்க் கண்மாயில முங்கி எந்திரிச்சவன் நான், எனக்கா பயம்?" என்றார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

இந்தக் கண்மாய்க் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. டார்ச்சைக் கரை ஓரமாக அடித்துக் காட்டினேன். கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பாசி. ஊர்க் கண்மாயில் கால் பதிய மண் உண்டு, பிடித்து ஏறக் கோரை உண்டு. குளம் என்றால் படித்துறை இருக்கும். இங்கே தண்ணீர் கசியாமலிருக்க விரிப்பைப் போட்டுச் சரிவாக இறக்கியிருக்கிறார்கள். விழுந்தவர் ஏறக் கால் வைப்பார், வழுக்கும். திரும்ப வைப்பார், திரும்ப வழுக்கும். நன்றாக நீந்துகிறவரும் கரைக்கு ஒரு முழம் தள்ளியே களைத்துப் போவார். அலங்கார ஏரிதானே, இடுப்பளவுதான் இருக்கும் என்று சொல்பவர்களுக்கும் இதுதான் பதில். ஆழத்தைப் பற்றி நான் பேசவே இல்லை, வெளியே ஏற முடியாததைத்தான் சொல்கிறேன். பெருமழை பெய்தால் கூரைத் தண்ணீரெல்லாம் இங்கேதான் வந்து சேரும், நீர்மட்டமும் மளமளவென ஏறும்.

நிர்வாகக் குழுவிலோ வேறு பாட்டு. "போர்டு வைத்தாயிற்று, அத்துமீறி வந்தவனுக்கு நாம் எப்படிப் பொறுப்பு?" 2013-இல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம், இடத்தை வைத்திருப்பவரின் பொறுப்பையும் மற்றக் கவனக்குறைவு வழக்குகளைப் போலவே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. வந்தவர் விருந்தாளியா, அத்துமீறியவரா என்பது மட்டுமே வழக்கை முடித்துவிடாது. அப்புறம் அந்த போர்டையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். நான்கு மொழியில் இருக்கிறது, சரி. தமிழில் 'ஆபதது' என்று இருக்கிறது. புள்ளி வைக்கக்கூட ஆளில்லை.

பாதுகாவலர் நண்பர்களே, தயவுசெய்து யாரையும் துரத்தாதீர்கள். இருட்டில் துரத்தினால் ஓடுகிறவர் தண்ணீரில்தான் போய் விழுவார். தள்ளி நின்று டார்ச் அடியுங்கள், வெளியே போகும் வழியைக் காட்டுங்கள். முரண்டு பிடித்தால் போலீஸுக்கு 999-இல் சொல்லுங்கள். "ஜெயிலில் போட்டுவிடுவேன்" என்று மிரட்டுவது நம் வேலை இல்லை. குற்றவியல் அத்துமீறலுக்கு மூன்று மாதம் வரை சிறை உண்டுதான், ஆனால் அதற்குத் தீய நோக்கம் இருந்திருக்க வேண்டும். அதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் குதிக்காதீர்கள். கம்பை நீட்டுங்கள், மிதவை வளையத்தை எறியுங்கள், இன்னொருவரை ஆம்புலன்ஸுக்கு 995-இல் அழைக்கச் சொல்லுங்கள்.

தூண்டில் தம்பிகளே, மீன் பிடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பிடோக், மெக்ரிட்சி, லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கங்களில் பொதுப் பயனீட்டுக் கழகம் அதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறது. உயிருள்ள இரை மட்டும் கூடாது, செயற்கை இரைதான். விடுமுறை நாளில் பகலிலேயே போய் வாருங்களேன்.

அந்தப் பையனைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, எங்கள் மிதவை வளையத்தைப் பார்க்கப் போனேன். கரையில் இல்லை. திருடு போகிறதாம், அதனால் ஸ்டோர் அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். சாவி பகல்நேர மேனேஜரிடம்.