டெவலப்பர் – செம்மையாக்குநர்

போர்டு கேம் விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், டிசைனர் பெயருக்குக் கீழே சில சமயம் டெவலப்பர் என்று இன்னொரு பெயர் இருக்கும். மென்பொருள் துறைப் பழக்கத்தில் அதை 'உருவாக்குநர்' என்று எழுதிவிடுகிறோம். இங்கே அது தவறு. ஆட்டத்தை உருவாக்கியவர் டிசைனர். டெவலப்பர், வெளியிடும் நிறுவனத்தின் சார்பில் அதைப் பலமுறை ஆடவைத்துப் பார்த்துச் சரிசெய்பவர். ஆட்டம் எங்கே இழுக்கிறது, எந்தச் சீட்டு வந்தாலே வெற்றி நிச்சயம், எந்த விதியை இரண்டு விதமாகப் படிக்கலாம் என்று தேடுவதுதான் அவர் வேலை. 'சீட்டு எடுக்கலாம்' என்பதா, 'எடுக்க வேண்டும்' என்பதா? கட்டு தீரும் நேரத்தில் அந்த ஒரு சொல்லில் ஆட்டமே மாறிவிடும்.

இந்த வேலையின் கனம் புரிய, 'மேஜிக்: தி கேதரிங்' என்ற சீட்டாட்டத்தில் 2004இல் வந்த ஸ்கல்கிளாம்ப் சீட்டைப் பாருங்கள். சண்டைக்கு இறக்கும் சீட்டுகளை உயிரி என்போம்; ஸ்கல்கிளாம்ப்பை மாட்டிய உயிரிக்குத் தாக்கும் வலு ஒன்று கூடும், தாங்கும் வலு ஒன்று குறையும். உயிரி செத்தால் உங்களுக்கு இரண்டு சீட்டு. அந்தக் குறைப்பு, டெவலப்மென்ட் முடியும் தறுவாயில் செய்த மாற்றம். போதிய அளவு ஆடிப் பார்க்கவில்லை. தாங்கும் வலு ஒன்றே உள்ள சின்ன உயிரிகளில் மாட்டிச் சாகவிட்டுச் சீட்டுகளை அள்ளினார்கள். அதே ஆண்டு ஜூனில் முக்கியப் போட்டி வடிவத்தில் அதைத் தடை செய்தார்கள்.

டெவலப் என்ற சொல்லின் வேர் பிரெஞ்சு. சுற்றி மூடியிருப்பதைப் பிரிப்பது என்பது பழைய பொருள். கடிதம் வைத்து மூடும் என்வலப்பும் இதே குடும்பம்தான்.

ஜெர்மனியில் ஆட்டத்தைப் படைத்தவரை நூலாசிரியரைச் சொல்வது போலவே ஆசிரியர் என்பார்கள். 1988இல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியின்போது அப்படி 13 ஆசிரியர்கள், பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டார்கள்: பெட்டியில் எங்கள் பெயர் இல்லாவிட்டால் ஆட்டம் தரமாட்டோம் என்று. டெவலப்பரின் வேலையைச் செய்பவருக்கு அங்கே பெயர், எடிட்டர்.

தமிழுக்கும் அந்த வழிதான் சரி என்பேன். 'பதிப்பாசிரியர்' என்றால் ஏடுகளை ஒப்பிட்டு மூலத்தை மீட்பவர் நினைவுக்கு வருவார். இவரோ மூலத்தையே மாற்றுகிறவர். நம் பதிப்பகங்கள் எடிட்டிங்குக்குச் சொல்லும் 'செம்மையாக்கம்' கச்சிதம். டெவலப்மென்ட் செம்மையாக்கம், டெவலப்பர் செம்மையாக்குநர். டிசைனரை 'ஆட்ட ஆசிரியர்' என்றே எழுதலாம்.