கார்டியன் சர்டிபிகேட் வந்தாச்சு, இனி எந்த ஹோமில் சேர்க்கலாம்?

"மேடம், சர்டிபிகேட் கைக்கு வந்துடுச்சு. இனிமே எந்த ஹோம்ல சேக்கலாம்னு நீங்கதான் சொல்லணும்."

கே.ஜி. ரோடு டி.சி. ஆபீஸ் (மாவட்ட துணை ஆணையர் அலுவலகம்) வாசலில் வைத்தே அந்த அண்ணன் என்னிடம் கேட்டார். தங்கைக்கு அவரைக் காப்பாளராக நியமித்த தாள், பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருந்தது. பெங்களூரில் சமூகப் பணியாளராக, அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களின் குடும்பங்களோடு வேலை பார்ப்பவள் நான். இதே கேள்வியை அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் லிங்கராஜபுரத்திலும் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கார்டியன் ஆகிவிட்டால் அடுத்தது ஹோம்தான் என்று எப்படியோ நம் மனதில் பதிந்துபோயிருக்கிறது.

தங்கையை மல்லிகா என்று வைத்துக்கொள்வோம். பெயரை மாற்றியிருக்கிறேன். 41 வயது. மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். அப்பா ராணுவத்தின் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) பிரிவில் சிப்பாயாக இருந்தவர். அவர் போய் ரொம்ப நாளாகிறது, அம்மாவும் போன வருஷம் தவறிவிட்டார். பெற்றோர் இருவரும் போன பிறகு, சம்பாதித்துப் பிழைக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்க குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. அதற்குத்தான் கார்டியன் தாள் கேட்டார்கள், அண்ணனும் அதற்காகத்தான் அலைந்தார். பென்ஷனுக்காகத் தொடங்கியது, ஹோமில் வந்து நின்றது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கே.ஆர்.புரத்தில் சின்ன வீடு, இரண்டு பிள்ளைகள், ஷிஃப்ட் வேலை. பயத்தில்தான் கேட்டார். "என்ன பயம்னு ஒண்ணு ஒண்ணா சொல்லுங்கண்ணா" என்றேன். மூன்று சொன்னார். ஒரு தடவை கேஸை அணைக்காமல் விட்டுவிட்டாள். ரோட்டில் தனியாகப் போனால் யார் என்ன செய்வார்களோ. கையில் காசு கொடுத்தால் யாரோ பிடுங்கிக்கொள்வார்கள்.

இந்த மூன்றுக்காக ஒரு மனுஷியை அவள் தெருவிலிருந்தே பிடுங்கி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட வேண்டுமா? சட்டம் சொல்லும் 'மிகக் குறைந்த கட்டுப்பாடு' என்பதை நான் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன்: எந்த இடத்தில் கை தடுமாறுகிறதோ அந்த இடத்தில் மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்ற இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும்.

முதலில் கேஸ். கோலார் தங்கவயலில் தனியாக இருந்த சித்தி ஒருவர் வந்து கூட இருக்கச் சம்மதித்தார். ஆனால் அவர் காலையில் கோயிலுக்குப் போகிற நேரம்தான் மல்லிகா டீ போடுகிற நேரம். இருபது வருஷமாக அம்மாவுக்கு டீ போட்டுக்கொடுத்தவர். தானாகவே அணைகிற இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று வாங்கச் சொன்னேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மல்லிகா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் போனபோது, அடிப்பக்கம் கறுத்துப்போன ஒரு அலுமினியப் பாத்திரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அம்மாவின் டீ பாத்திரம். இண்டக்‌ஷனில் அலுமினியம் சூடாகாது. எனக்கு அது தோன்றவே இல்லை.

பாதுகாப்பை யோசித்தேன், அவரைக் கேட்க மறந்துவிட்டேன். மறுபடி உட்கார்ந்து பேசினோம். சித்தி கோயிலிலிருந்து வந்த பிறகு, கேஸ் அடுப்பில், அம்மாவின் பாத்திரத்தில் டீ. தனியாக இருக்கும்போது பசித்தால் இண்டக்‌ஷன். சித்தி வெளியே கிளம்பும்போது ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போவார். இதற்கு ஒப்புக்கொண்டது மல்லிகாதான்.

பஸ் விஷயத்துக்கு ஐந்து வாரம் ஆனது. இந்திரா நகர் பக்கம் காகிதக் கவர் செய்கிற ஒரு பயிற்சி மையத்துக்கு அம்மா தினமும் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். முதல் வாரம் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் இரண்டு சீட் தள்ளி. அப்புறம் கடைசி சீட்டில், தெரியாதவள் மாதிரி. மல்லிகாவுக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது, ஆனால் பஸ் நம்பர் தெரியும். கண்டக்டர் "எல்லிகம்மா?" என்று கேட்டால் இறங்குகிற இடத்தைச் சொல்லி ஆதாரை நீட்டினால் போதும். 2023 ஜூனிலிருந்து சக்தி திட்டத்தில் கர்நாடகப் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் கட்டணம் கிடையாது, அதனால் சில்லறைத் தொல்லையும் இல்லை. ஐந்தாவது வாரம் அவர் தனியாக ஏறினார். நான் ஆட்டோவில் முன்னாலேயே போய் ஸ்டாப்பில் நின்றேன். பஸ் இருபது நிமிஷம் லேட். அந்த இருபது நிமிஷமும் என் வயிறு கலங்கிக்கொண்டே இருந்தது. இறங்கி வந்தவர், "டீச்சர், நீ ஏன் இங்க நிக்கிற?" என்று கேட்டுவிட்டு மையத்துக்கு நடந்துவிட்டார்.

சட்டத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், நிறையக் குடும்பங்களுக்கு யாரும் சொல்வதில்லை. பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் பெற்றோர் தானாகவே சட்டப்படி காப்பாளராகத் தொடர்வதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி மாவட்ட அளவிலான குழு காப்பாளரை நியமிக்கிறது. அந்தக் குழு முதலில் பார்க்க வேண்டியதே, இவருக்குக் காப்பாளர் தேவையா, தேவையென்றால் எதற்கெல்லாம் தேவை என்பதைத்தான். அதனால் விண்ணப்பத்தில் "எல்லாவற்றுக்கும்" என்று எழுதாதீர்கள். நியமனமான ஆறு மாதத்துக்குள் சொத்து விவரப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். பணம் அவருடையது. நாம் வைத்திருப்பவர்கள் மட்டுமே. காப்பாளர் கவனிக்காமல் விட்டாலோ பணத்தைக் கையாடினாலோ அவரை நீக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் 5-ஆம் பிரிவு, இன்ன இடத்தில்தான் வாழ வேண்டும் என்று மாற்றுத்திறனாளியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 14-ஆம் பிரிவு சொல்லும் காப்பாளர் முறை, அவரும் காப்பாளரும் சேர்ந்து முடிவெடுக்கும் முறை: குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவர் விருப்பப்படி. மனநோய் உள்ளவர்களுக்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் சேர்க்கவில்லை, வீடில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்று அதன் 19-ஆம் பிரிவு சொல்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை அறிந்த நமக்கு இந்தப் பிரிவின் அருமை தெரிய வேண்டும்.

நேஷனல் டிரஸ்ட் சட்டம் வந்த அதே 1999-இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் லோயிஸ் கர்ட்டிஸ், எலைன் வில்சன் என்ற இரண்டு பெண்களின் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. வெளியே வாழ முடியும் என்று மருத்துவர்களே சொன்ன பிறகும் ஜார்ஜியா மாநில மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்தவர்கள். தேவையில்லாமல் ஒருவரை ஒதுக்கி வைப்பதே பாகுபாடு என்றது நீதிமன்றம். லோயிஸ் பிற்பாடு தன் வீட்டில் வாழ்ந்தார், ஓவியரானார்.

எல்லோருக்கும் சித்தி இருப்பதில்லை, அது தெரியும். அவர்களுக்கும் பெரிய ஹோம்தான் ஒரே வழி என்றில்லை. சென்னையின் பேன்யன் அமைப்பு, மனநல மருத்துவமனையில் வருஷக்கணக்காக இருந்தவர்களை நாலைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீடெடுத்துக் குடிவைத்திருக்கிறது. கூட ஒரு உதவியாளர். காய் வாங்குவது, சமைப்பது, சண்டை போடுவது எல்லாம் அவர்கள் வீட்டில் அவர்களே. பெங்களூரிலும் பெற்றோர் நாலு பேர் சேர்ந்தால் இப்படி ஒரு வீடு எடுக்க முடியும். அம்மா அப்பா நடமாட்டத்தோடு இருக்கும்போதே தொடங்க வேண்டும். மாதம் இரண்டு ராத்திரி வேறு வீட்டில் தூங்கிப் பழகுவதிலிருந்து தொடங்கலாம்.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்க ஒரு காரணம் உண்டு. வேலைக்கு வந்த புதிதில், 26 வயதுப் பையன் ஒருவனை ஹோமில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். நல்ல இடம். சுத்தம், நேரத்துக்குச் சாப்பாடு, யாரும் அடிக்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். மேஜையில் தண்ணீர் ஜாடி இருந்தது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஆன்ட்டி, தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டான். வீட்டில் ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலோடு வாயில் கவிழ்த்துக்கொள்கிறவன். கெஞ்சிக் கேட்கக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் போதுமாக இருந்தது. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்.

இந்த ஏப்ரலில் மல்லிகாவின் அண்ணன் வருடக் கணக்கு நோட்டோடு வந்தார். மருந்து, மளிகை, கரன்ட் பில், சித்திக்கு மாதம் கொடுப்பது, வங்கிச் சேமிப்பு. ஒரு பைசா பிசகவில்லை.

"அவங்க ஆசைப்பட்டு வாங்கினது எதுவும் இல்லையாண்ணா?"

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். அப்புறம் சொன்னார், அவள் கேட்டதே இல்லை என்று. அன்றிலிருந்து வாரம் ஒரு கவரில் இருநூறு ரூபாய், மல்லிகாவின் கையிலேயே. போன மாதம் நோட்டில் ஒரு வரி புதிதாக இருந்தது. அண்ணன் கையெழுத்தில், 'கண்ணாடி வளையல், அல்சூர் மார்க்கெட், 80 ரூபாய்'. பக்கத்தில், கோணல்மாணலாக, ஒரு 'ம'.