உள்கட்டமைப்பா, அடிக்கட்டுமானமா?

தொழில் நடத்துவதற்கு எந்த நாடு எவ்வளவு தோதானது என்று வரிசைப்படுத்தும் அறிக்கை எதைப் புரட்டினாலும் தவறாமல் கண்ணில் படும் சொல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர். தமிழ்நாட்டு நாளேடுகள் இதற்கு ‘உள்கட்டமைப்பு’ என்ற சொல்லை நிலைநிறுத்திவிட்டன. இலங்கையில் புணர்ச்சி விதிப்படி ‘உட்கட்டமைப்பு’ என்று எழுதுகிறார்கள். அகக்கட்டமைப்பு, அடிப்படைக் கட்டமைப்பு, அடிக்கட்டுமானம் என்ற வடிவங்களும் அங்கங்கே உண்டு. ஒரே பொருளுக்கு இத்தனை சொல் இருப்பதில் தவறில்லை. ஆனால் இவற்றுள் முதல் மூன்றும் ‘உள்ளே’ என்கின்றன, மற்ற இரண்டும் ‘அடியில்’ என்கின்றன. எது சரி என்பதைச் சொல்லின் பிறப்பே காட்டிவிடும்.

லத்தீனில் ‘இன்ஃப்ரா’ என்றால் கீழே. ‘ஸ்ட்ரூக்தூரா’ என்றால் அடுக்கிக் கட்டப்பட்டது. இரண்டையும் சேர்த்து ஒரு சொல்லாக்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், அதுவும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ரயில் பாதை போட்டவர்களுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. தண்டவாளம், அதற்குக் குறுக்கே கிடக்கும் கட்டைகள், அவற்றைச் சுற்றிக் கொட்டிய ஜல்லி ஆகியவை மேற்கட்டுமானம். ஜல்லிக்கும் கீழே கெட்டிக்கப்பட்ட மண்கரை, பள்ளத்தைக் கடக்கும் பாலம், மலையைக் குடைந்த சுரங்கம் ஆகியவை இன்ஃப்ராஸ்ட்ரக்சர். பயணியின் கண்ணுக்குத் தண்டவாளம் தெரியும், மண்கரை தெரியாது. மண்கரை ஒரு பக்கம் அமுங்கினால் தண்டவாளம் கோணிக்கொள்ளும். எவ்வளவு நல்ல இரும்பில் செய்திருந்தாலும் அப்படித்தான்.

ஆங்கிலம் இதைக் கடன் வாங்கிய பிறகும் நெடுநாள் இது பொறியாளர்களின் சொல்லாகவே இருந்தது. 1950களில் நேட்டோ கூட்டணி நாடுகள் விமானத் தளங்கள், எரிபொருள் குழாய்கள், தகவல்தொடர்பு இணைப்புகள் ஆகியவற்றைப் பொதுச் செலவில் அமைத்தபோது அந்தத் திட்டத்துக்கு இந்தப் பெயரை வைத்தன. சொல் வெளியுலகுக்கு நன்றாகப் பழகியது அப்போதுதான். பிறகு பொருளியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். சாலை, துறைமுகம், மின்சாரம், நீர், தொலைத்தொடர்பு என்று ஒரு நாட்டின் தொழில் முழுவதையும் தாங்கும் எல்லாமே அதற்குள் வந்தன.

தமிழில் ‘உள்’ எப்படி நுழைந்தது? ‘இன்ட்ரா’ என்ற இன்னொரு லத்தீன் முன்னொட்டு இருக்கிறது. உள்ளே என்பது அதன் பொருள். இரண்டும் ஒலியில் நெருங்கியவை என்பதால் குழப்பம் நேர்ந்திருக்கும் என்பது என் ஊகம். இன்ஃப்ராரெட் கதிருக்கு நாம் வைத்த பெயரும் அகச்சிவப்பு! அந்தக் கதிரின் அதிர்வெண் சிவப்பு ஒளியின் அதிர்வெண்ணுக்குக் கீழே இருக்கிறது, சிவப்புக்கு உள்ளே இல்லை. அங்கே அகச்சிவப்பு, புற ஊதா என்று அகம், புறம் இணை அழகாக அமைந்துவிட்டதால் யாருக்கும் நட்டமில்லை. இங்கே அப்படி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ‘உள்’ என்றதும் ஒரு பொருளுக்குள் இருக்கும் பாகங்களை எண்ணத் தோன்றும். ‘அடி’ என்றதும் அது எதைத் தாங்குகிறது, எவ்வளவு தாங்கும் என்று கேட்கத் தோன்றும். நாடுகளை ஒப்பிடும்போது கேட்க வேண்டிய கேள்வி அந்த இரண்டாவதுதான்.

உலகப் பொருளாதார மன்றம் 2019இல் வெளியிட்ட போட்டித்திறன் அறிக்கையைப் பாருங்கள். 141 நாடுகளில் அடிக்கட்டுமானத்துக்கு முதலிடம் சிங்கப்பூருக்கு. அந்த இடத்தைக் கணக்கிட ரயில் பாதையின் அடர்த்தியையும் எடுத்துக்கொண்டார்கள், ரயில் சேவையின் திறனையும் எடுத்துக்கொண்டார்கள். முதலாவது, இத்தனை சதுர கிலோமீட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் பாதை என்ற நீளக் கணக்கு. இரண்டாவது, தொழில் நடத்துவோரிடம் கேட்டு 1 முதல் 7 வரை வாங்கிய மதிப்பீடு. ஒன்று இருப்பதை எண்ணுகிறது, மற்றது தாங்குவதை அளக்கிறது. இரண்டையும் கலந்து ஒற்றை எண்ணாகத் தரும்போது, பாதை நிறைய இருந்தும் சேவை தளர்ந்த நாடும், பாதை குறைவாக இருந்தும் சேவை சிறந்த நாடும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காரக்கூடும்.

உலக வங்கி முன்பு வெளியிட்டுவந்த ‘டூயிங் பிசினஸ்’ அறிக்கை மின்சாரத்தை அளந்த விதம் எனக்குப் பிடிக்கும். ஒரு நாட்டில் எத்தனை மெகாவாட் உற்பத்தி என்று அது தொடங்கவில்லை. புதிதாகக் கட்டிய ஒரு கிடங்குக்கு 140 கேவிஏ (மின் இணைப்பின் திறனைக் குறிக்கும் அலகு) மின் இணைப்பு வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அதைப் பெற எத்தனை படிகள், எத்தனை நாள், எவ்வளவு செலவு, இணைப்பு வந்த பிறகு மின்தடை எவ்வளவு என்று கேட்டது. தொழில் தேவைக்கான அடிக்கட்டுமானம் என்றால் இதுதான்: தொழில் செய்பவர் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பது. அந்த அறிக்கையின் தரவுகளில் முறைகேடு தெரியவந்ததால் 2021இல் உலக வங்கி அதை நிறுத்திவிட்டது. அளக்கும் முறை நன்றாக இருந்தும் தரவின் நம்பகம் கெட்டதால் முழு அறிக்கையும் சாய்ந்தது.

இனி, சொற்களை எப்படிப் புழங்குவது? ‘அடிப்படை வசதி’ என்பதை இன்ஃப்ராஸ்ட்ரக்சருக்கு ஈடாக வைக்கக் கூடாது. குடிநீர், கழிப்பறை போன்று மக்களின் அன்றாடத் தேவைகளைக் குறிக்க அது வேண்டும். செய்தியில் உள்கட்டமைப்பு என்று எழுதுவோரை நான் திருத்தப் போவதில்லை, அது வேரூன்றிவிட்டது. விளக்கி எழுதும் இடத்தில் நான் அடிக்கட்டுமானம் என்றே எழுதுகிறேன். மார்க்சிய எழுத்துகள் வழியாக ‘மேற்கட்டுமானம்’ தமிழில் முன்பே பழகிவிட்டதால் அதற்கு இணையாகவும் இது பொருந்துகிறது. இண்டெக்ஸ் என்பதைக் குறியீடு என்பதைவிட, விலைவாசிக்குச் சொல்வதுபோலக் குறியீட்டெண் என்பதே தெளிவு. ஸ்கோர் மதிப்பெண், ரேங்க் இடம்.

எந்த அளவில் கிடைத்த இடம் என்பதைக் கலந்துவிட்டாலும் செய்தியே பிழையாகிவிடும். உலக வங்கியின் லாஜிஸ்டிக்ஸ் (சரக்குப் போக்குவரத்து) செயல்திறன் குறியீட்டெண்ணில் 2023இல் இந்தியா 139 நாடுகளில் 38ஆம் இடம். அது சுங்கம், அடிக்கட்டுமானம், சரக்கைப் பின்தொடரும் வசதி, நேரம் தவறாமை முதலிய ஆறு கூறுகளையும் சேர்த்த இடம். அடிக்கட்டுமானம் என்ற கூறில் மட்டும் இந்தியாவின் இடம் 47. 2018இல் அது 52. ‘உள்கட்டமைப்பில் இந்தியாவுக்கு 38ஆம் இடம்’ என்று தலைப்பு வைத்தால், ஆறு கூறுகளின் இடத்தை ஒரே கூறின் தலையில் ஏற்றிவிடுகிறோம்.