வில்லங்கச் சான்றிதழில் வராத செப்டிக் டேங்க்

பழைய வீடு வாங்குவதற்குச் சட்ட ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், வரைபட அனுமதி என அனைத்தையும் கையோடு கொண்டுவருகிறார்கள். செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. பாதாளச் சாக்கடை எட்டாத சென்னைப் புறநகரில் அந்தத் தொட்டி இல்லாமல் ஒரு வீட்டில் ஒரு நாளும் குடியிருக்க முடியாது. ஆனாலும் அதன் இன்றைய நிலை எந்தப் பத்திரத்திலும் ஏறுவதில்லை, விற்பவருக்கு மட்டுமே தெரியும்.

'வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும்' என்று விற்பவர்கள் சொல்வது பாதி உண்மை. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, சொத்தில் உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமலும் அவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாகவும் இருந்தால், அதை வெளிப்படுத்துவது விற்பவரின் கடமை என்கிறது. அவ்வாறு சொல்லாமல் விடுவது மோசடியாகும் என்றும் அதே பிரிவு கூறுகிறது.

என் கட்சிக்காரர் ஒருவர் கோடையில் வாங்கிய வீட்டில், ஐப்பசி மழை தொடங்கியதும் கீழ்த்தளக் கழிப்பறையில் கழிவுநீர் எதிர்த்து ஏறியது. தொட்டியின் மூடியைத் தேடியபோது, அது கார் நிறுத்துமிடத்தில் புதிதாகப் பதித்த டைல்ஸுக்கு அடியில் இருந்தது. உடைத்துப் பார்த்தால், அடித்தளம் போடாமல் இறக்கிய சிமென்ட் உறைகளும், தெருவின் மழைநீர் வடிகாலுக்குத் திருட்டுத்தனமாக இழுத்த ஒரு பிவிசி குழாயும்! டைல்ஸுக்கு அடியில் கிடப்பதைச் சாதாரணக் கவனத்தால் கண்டிருக்கலாம் என்று யாரும் வாதிட முடியாது. வக்கீல் நோட்டீஸ் போன பிறகு, புதுத் தொட்டி கட்டும் செலவில் ஒரு பகுதியை விற்றவர் ஏற்றுக்கொண்டார்.

'பத்து வருஷமாகக் கழிவுநீர் லாரியே கூப்பிட்டதில்லை' என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அங்கேதான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முறையாகக் கட்டிய தொட்டியில் கசடு சேரத்தான் செய்யும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை அகற்றியாக வேண்டும். நிரம்பவே நிரம்பாத தொட்டி, பெரும்பாலும் மண்ணுக்குள் கசியும் தொட்டி. கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2470. அதாவது ஏறத்தாழ 59 அடி. நாற்பதுக்கு அறுபது அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனையில் இது எத்தனை வீடுகளில் சாத்தியம் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆகவே போர்வெல் எங்கே, தொட்டியின் கழிவுநீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழி எங்கே என்பதும் சொல்ல வேண்டிய விவரமே.

மூடி எட்டாத தொட்டி அடைத்துக்கொண்டால், ஆளை உள்ளே இறக்கலாம் என்று யோசனை சொல்ல யாராவது வந்துவிடுவார்கள். பாதுகாப்பு ஏற்பாடின்றி அப்படி இறக்குவதை, மனிதக் கழிவைக் கையால் அகற்றும் வேலைக்கு ஆள் அமர்த்துவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உள்ளே தேங்கும் நச்சுவாயு மனிதரைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்குத் தமக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்லவும் 55ஆம் பிரிவு விற்பவரைக் கட்டாயப்படுத்துகிறது. எனவே கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் இந்தக் கடமைகள் மாறக்கூடும் என்பதால், 'உள்ளது உள்ளபடி' என்ற வாசகத்தைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். தொட்டியின் இடம், அளவு, கடைசியாகக் கசடு அகற்றிய தேதி ஆகியவற்றைக் கையால் வரைந்த ஒரு படத்துடன் கிரைய ஒப்பந்தத்தில் இணைப்பதும், மீதித் தொகை கைமாறும் முன் இருதரப்பும் இருக்கும்போது மூடியைத் திறந்து காட்டச் சொல்வதும் என் வழக்கம். இதற்குத் தயங்கும் விற்பனையாளர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குறையைத் தெரிந்தே வாங்கியவர், அதை மறைத்துவிட்டீர்கள் என்று பிறகு உங்கள்மீது வழக்குப் போட முடியாது.