கிரீன் ரூம்: அது 'பசுமை அறை' இல்லங்க

புதுசா பெயின்ட் அடிச்ச ஒரு அரங்கத்துல மேடைக்குப் பின்னாடி போனா கதவுல 'பசுமை அறை'ன்னு போர்டு, பக்கத்துல ரெண்டு இலை படம் வேற. உள்ள இருக்கறது பல்பு வச்ச கண்ணாடி, பவுடர் டப்பா, சேஃப்டி பின், சவுரி முடி. ஒரு துளசிச் செடி கூட கிடையாது. டிவி சப்டைட்டில்லயும் இதே பசுமை அறை, அழைப்பிதழ்லயும் இதே பசுமை அறை, பாத்து பாத்து சலிச்சுப் போச்சு.

கிரீன் ரூம்ங்கற பேரு வந்த கதை சின்னதுதான். இங்கிலீஷ்ல 1678லயே தாமஸ் ஷாட்வெல்லோட நாடகம் ஒண்ணுல, மேடைக்குப் பின்னாடி இருக்கற பச்சை ரூம்னு வசனம் வருது. ஏன் பச்சைன்னு கேட்டா ஆளுக்கொரு கதை. லைம்லைட்னு சுண்ணாம்பச் சூடாக்கி எரிய விட்ட பழைய மேடை விளக்கு, அதோட வெளிச்சத்துல கூசின கண்ணுக்கு இதமா சுவருக்கு பச்சை அடிச்சாங்கன்னு ஒரு கதை ரொம்ப ஓடுது, ஆனா லைம்லைட் லண்டன் கோவன்ட் கார்டன் மேடைக்கு வந்ததே 1837ல, பேரு அதுக்கு நூத்தம்பது வருஷம் மூத்தது, அப்புறம் எப்படி?

முக்கியமான விஷயம், இங்கிலீஷ் நாடக அரங்கத்துல கிரீன் ரூம்னா நடிகருங்க தன் முறை வர்ற வரைக்கும் உக்காந்து பேசிக்கிட்டு இருக்கற இடம். வேஷம் போடறதுக்கு டிரெஸ்ஸிங் ரூம் தனி. நம்ம ஊருக்கு வந்ததும் ரெண்டும் ஒண்ணாயிடுச்சு, சபா நாடகமோ பரதநாட்டிய அரங்கேற்றமோ, கிரீன் ரூம்னா மேக்கப் போடற இடம்னுதான் அர்த்தம். அப்ப தமிழ்ல அத சொல்ல 'ஒப்பனை அறை' இருக்கே! ஒப்பித்தல்னா அலங்கரித்தல்னு பழைய பொருளே இருக்கு, நாடகக்காரங்க வாய்லயும் பழகின சொல்லு. அத விட்டுட்டு கலர மொழிபெயர்ப்பாங்களாம்.

இதுல இன்னொரு கோஷ்டி, பழைய இலக்கியச் சொல்லயே கதவுல எழுதணும்ங்கற தனித்தமிழ் அன்பர்கள். சிலப்பதிகார அரங்கேற்று காதைல 'ஏற்ற வாயில் இரண்டுடன் பொலிய'ன்னு, அதாவது அரங்கத்துக்கு ரெண்டு வாசல்னு வருதில்லையா, அந்த அரங்கத்த விளக்கற அடியார்க்குநல்லார் உரைல 'கண்ணுளர் குடிஞைப் பள்ளி'ன்னு ஒரு சொல்லு வருது. கண்ணுளர்னா கூத்தர், குடிஞைன்னா குடில், ஆக கூத்தர் தங்கி வேஷம் கட்டற இடம். எனக்கும் அந்தச் சொல்லு ரொம்பப் பிடிக்கும், எட்டுக்கோல் நீளம் ஏழுகோல் அகலம்னு மேடைக்கு அளவு சொன்ன ஊரு, பின்கட்டுக்கும் பேரு வச்சிருக்கு. அதுக்காக இன்னிக்கு கதவுல 'குடிஞைப்பள்ளி'ன்னு எழுதலாமா? குடிஞைக்கு ஆந்தைன்னும் பொருள் இருக்கு, அகராதி பாத்துட்டு வர்றவரு ஆந்தைப் பள்ளிக்கூடம்னு நினைச்சுக்கப் போறாரு. வேஷம் கட்டற இடத்துக்கு நேபத்தியம்னு சமஸ்கிருதத்த கொண்டு வர்றவங்களுக்கும் இதே பதில்தான், காபிக்காரப் பையனுக்கு வழி சொல்ல உதவாத பேரு கதவுக்கு எதுக்கு? அதுக்கு 'அணியறை' எவ்வளவோ மேல், மலையாளத்துல அணியறன்னு இன்னிக்கும் புழங்குது, நமக்கும் சட்டுன்னு புரியும். ஆனா ஒப்பனை அறை ஏற்கெனவே இருக்கும்போது அதுக்கும் அவசியம் வரல.

அந்த போர்டு எழுதின புண்ணியவான், மேடையோட ரெண்டு பக்கமும் நடிகருங்க மறைஞ்சு நிக்கற விங்ஸுக்கு 'சிறகுகள்'னு அம்புக்குறியும் போட்டிருந்தாரு. மேடை என்ன பறக்கப் போகுதா? பக்கத்தட்டி, பக்கத்திரை, இல்ல பேசாம சைடு விங்னே எழுதுங்க. முன்திரைக்கு எழினின்னு சொல்ல ஆசைன்னா சொல்லுங்க, ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினின்னு மூணு வகை இளங்கோ காலத்துலயே உண்டு, ஒரு பக்கத்துலேர்ந்து இழுக்கறதா, ரெண்டு பக்கத்துலேர்ந்து வந்து சேர்றதா, மறைவா இருந்து இறங்கறதான்னு பேருலயே தெரியும். திரை செய்யற வேலைய பாத்து வச்ச பேருங்க அது. இப்ப மொழிபெயர்க்கறவங்க மேடைய ஒரு தடவ எட்டிப் பாக்கறது கூட இல்ல, மெஷின்ல போட்டு வந்தத அப்படியே ஃபிளெக்ஸ்ல ஏத்திடறாங்க. பாக்ஸ் ஆபீஸ் 'பெட்டி அலுவலகம்' ஆகறதும் இப்படித்தான், டிக்கெட் கவுண்ட்டர்னா கசக்குமா?

சரி, இங்கிலீஷ் நாவல்ல நிஜமாவே அந்த உக்கார்ற ரூம் வந்தா என்ன பண்றது? அங்க ஒப்பனை அறை தப்பு, 'நடிகர் காத்திருப்பு அறை'ன்னு போடுங்க. ஓய்வறைன்னு மட்டும் வேண்டாம், நம்ம ஊர்ல அந்த போர்ட பாத்தா அவசரத்துல இருக்கறவரு ஓடி வந்து கதவ தட்டுவாரு.