நிலாவெளிக் கடலில் மழைக்கு முன்னே வந்த காற்று

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். புதிதாகத் திருமணமான அவரும் கணவரும் ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பிற்பகல் இரண்டு மணிக்கு நிலாவெளிக் கரையிலிருந்து வாடகைப் படகில் புறப்பட்டு, புறாமலைத் தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, டொல்பின்களைக் காணலாம் என்று இன்னும் சற்று வெளியே போயிருக்கிறார்கள். தலைக்கு மேல் வெயில் எரித்துக்கொண்டிருக்கும்போதே கரைப்பக்கமிருந்து குளிர்ந்த காற்றொன்று பாய்ந்து வந்தது. படகைத் திருப்பிய சில நிமிடங்களில் படகின் முன்பக்கமான அணியத்தால் தண்ணீர் உள்ளே அடித்து, கொண்டுபோன சாப்பாட்டுப் பொதியும் கைப்பையும் நனைந்துவிட்டன. மழையோ கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தது. மழையே இல்லாதபோது மழைக்காற்று எங்கிருந்து வந்தது, அது ஏன் அவ்வளவு குளிராக இருந்தது என்பது அவர் கேள்வி. இராகு காலத்தில் படகேறியதே காரணம் என்று அவருடைய மாமியார் சொல்கிறாராம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முகில் உருவாகும் கதை பலருக்கும் தெரிந்ததே. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் ஈரத்தைக் கொட்டிவிட்டு, வறண்ட கச்சான் காற்றாகத் திருகோணமலைக்கு வருகிறது. பகலில் தரை சூடேறியதும் கடலிலிருந்து எதிர்க்காற்று கிளம்புகிறது. இரண்டும் மோதும் இடத்தில் வளி மேலெழுந்து, உள்நாட்டில் மேற்கே உள்ள பன்குளம் பக்கம் இடிமுகில் திரண்டு, கீழ்த்தளக் காற்றின் போக்கில் மாலையில் கரையை நோக்கி நகர்கிறது. மிக உயரத்தில் அந்த மாதங்களில் காற்று கிழக்கிலிருந்து வீசுவதால், முகிலின் உச்சி பெரும்பாலும் உள்நாட்டுப் பக்கமாகவே சாய்ந்து பரவுகிறது. எனவே கடலில் இருப்பவருக்கு வெயில் கடைசிவரை மறைவதில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முகிலின் அடியிலிருந்து விழும் மழைத்துளிகள் வறண்ட வளியினூடே வரும்போது, ஒரு பங்கு வழியிலேயே ஆவியாகிவிடுகிறது. ஆவியாவதற்கு வேண்டிய மறைவெப்பத்தை அது சுற்றியுள்ள வளியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோகிராம் வளியில் ஒரேயொரு கிராம் நீர் ஆவியானால் போதும், அந்த வளி ஏறத்தாழ 2.5 பாகை செல்சியஸ் குளிர்ந்துவிடும். ஒரு கிலோகிராம் வளி என்பது ஒரு கன மீற்றருக்கும் குறைவு. அப்படி 3 பாகை குளிர்ந்த வளி, அயலிலுள்ள வளியைவிட நூற்றில் ஒரு பங்கு கனமாகிறது. ஆகவே புவியீர்ப்பின் நூற்றில் ஒரு பங்கு ஆர்முடுகலுடன் கீழே விழத் தொடங்குகிறது. நூற்றில் ஒரு பங்கு என்பது கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் முகிலின் அடி 1500 மீற்றர் உயரத்தில் இருந்தால், பாடசாலையில் படித்த இயக்கச் சமன்பாட்டின்படி, தரையை எட்டும்போது அதன் வேகம் செக்கனுக்கு 17 மீற்றர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர். அயல் வளியோடு கலப்பதால் இந்த வேகம் குறையும். உடன் விழும் மழையின் பாரம் அதைக் கூட்டும்.

விழும் வளி அமுக்கப்படுவதால் கிலோமீற்றருக்கு 10 பாகை வீதம் சூடேறுமே, அப்படியானால் அதன் குளிர் வழியிலேயே தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். கச்சான் அடிக்கும் பிற்பகலில் தீராது. வெயிலில் காய்ந்த தரைக்கு மேல் நன்கு கலந்து நிற்கும் வளியின் வெப்பநிலையும் கீழே வரவர ஏறத்தாழ அதே வீதத்திலேயே கூடுகிறது. எனவே விழும் வளி எந்த உயரத்திலும் தன் அயலைவிடக் குளிர்ந்ததாகவே இருந்து, தரைவரை வேகம் பெறுகிறது. காற்று வறண்டிருக்க வறண்டிருக்க ஆவியாதலும் கூடும், முகிலின் அடியும் உயரும், விழும் தூரமும் நீளும். மழை குறைவாகத் தரையை அடையும் நாளிலும் காற்று மூர்க்கமாக இருக்கக்கூடும் என்பது எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

தரையில் மோதிய குளிர்வளி, சீமெந்துத் தரையில் கொட்டிய வாளித் தண்ணீரைப் போல நாலாபுறமும் பரவுகிறது. அதன் முன்விளிம்பு மழையை விட்டு விலகி, பல கிலோமீற்றர் தூரம் முன்னே ஓடிவிடும். வாசகி சொன்ன கால் மணி நேர இடைவெளியை வைத்துப் பார்த்தால், முகில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் நகர்ந்திருக்குமானால், காற்று படகைத் தொட்டபோது மழை இன்னும் 7 கிலோமீற்றருக்கு மேல் பின்னால் இருந்திருக்கிறது.

அலையின் உயரம் காற்றின் வேகம், அது வீசும் நேரம், நீர்ப்பரப்பில் அது ஓடும் தூரம் ஆகிய மூன்றையும் பொறுத்தது. கரையிலிருந்து வீசும் காற்றுக்குக் கரையோரத்தில் ஓட இடமில்லாததால், ஒரு கிலோமீற்றர் அளவே தள்ளியிருக்கும் புறாமலைவரை கடல் அடங்கியிருப்பதுபோலத் தெரியும். வெளியே போகப்போகவே அலை வளரும். கால் மணி நேரக் காற்று முழங்கால் உயரத்தைத் தாண்டிய அலையை எழுப்பாது என்றாலும், முகடுகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வருவதால், தாழ்ந்த விளிம்புடைய பைபர் படகு அவற்றை எதிர்த்து வேகமாக ஓடும்போது ஒவ்வொரு முகட்டிலும் அணியம் குத்தித் தண்ணீரை அள்ளிக்கொள்கிறது. வீடு இருப்பதோ காற்று வரும் திசையில்.

மாமியாரின் விளக்கத்துக்கு வருவோம். வியாழக்கிழமை இராகு காலம் பிற்பகல் 1.30 முதல் 3 மணிவரை. இடிமுகில் வளரும் நேரமும் அதுவே என்பதால் அவர் சொன்னது தற்செயலாகப் பொருந்திவிட்டது. ஆனால் திங்கட்கிழமை இராகு காலம் காலை 7.30 முதல் 9 மணிவரை. பருவகாலத்தில் நிலாவெளிக் கடல் பெரும்பாலும் மிக அமைதியாக இருக்கும் அந்த வேளையைத் தவிர்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை நண்பகல் 12 மணிக்கு இராகு காலம் முடிந்ததென்று நம்பிக்கையோடு படகேறுபவர் நேரே இடிமுகிலின் நேரத்துக்குள் போகிறார்.

இடியுடன் கூடிய மழையின்போது தற்காலிகமாகப் பலத்த காற்று வீசக்கூடும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் தன் அறிக்கைகளில் வழக்கமாகச் சேர்க்கும் எச்சரிக்கை இந்தக் காற்றைப் பற்றியதுதான். தினமும் கேட்டுக் கேட்டு அது நம் காதில் விழுவதே இல்லை. எந்தக் கரையை எத்தனை மணிக்குத் தாக்கும் என்று சொல்ல, குளிர்வளியின் முன்விளிம்பை மெல்லிய கோடாகக் காட்டும் டொப்ளர் ராடர் வேண்டும். கிழக்குக் கரையைப் பார்த்தபடி அப்படியொன்றை இரவும் பகலும் இயக்குவதும், அதன் படத்தைப் படகோட்டியின் கைபேசிவரை கொண்டுசேர்ப்பதும் ஆடம்பரச் செலவு என்று எவரேனும் வாதிட்டால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அதுவரைக்கும் மேற்கு வானமே நமக்குள்ள கருவி. மின்னலுக்கும் இடிக்கும் இடையிலுள்ள செக்கன்களை எண்ணி மூன்றால் வகுத்தால் முகிலின் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். ஆனால் இந்தக் காற்று முகிலைவிட வேகமாக வருவதாலும், திறந்த படகில் நிற்பவரே மின்னலுக்குக் கடலில் மிக உயர்ந்த இலக்கு என்பதாலும், அந்தத் தூரத்தை நம்பி இன்னொரு சுற்றுப் போகக் கூடாது. முதல் இடி கேட்டதும் டொல்பின்களை விட்டுவிட்டு, உயிர்காப்பு அங்கியின் வார்களை இறுக்கிக்கொண்டு, எதிர்க்காற்று எழுவதற்குள் கரையைப் பிடித்துவிட வேண்டும்.