பெயர் சொல்லத் தெரியாத சில்லு

யூஎஸ்பி ஹெட்போனைக் கணினியில் செருகியதும் உள்ளே ஒரு விசாரணை நடக்கிறது. எந்த நிறுவனம், என்ன மாடல், எத்தனை சேனல் என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் கேட்கக் கேட்க, ஹெட்போன் தன் ஜாதகத்தையே ஒப்பித்துவிடுகிறது. அதை இயக்கத் தெரிந்த மென்பொருளான டிரைவர் வந்து அமர்கிறது, பாட்டு ஒலிக்கிறது.

ராஸ்பெரி பை போன்ற ஒரு சிறு கணினிப் பலகையில் கதையே வேறு. அதன் 18, 19, 21 ஆகிய ஜிபிஐஓ முனைகளிலிருந்து மூன்று கம்பிகளை இழுத்து பிசிஎம்5102ஏ என்ற சில்லில் சேர்க்கிறோம். எண்களாக வரும் இசையை ஸ்பீக்கருக்கு ஏற்ற மின்னலையாக மாற்றித் தருவது அதன் வேலை. செய்நேர்த்தியில் குறையே இல்லை. ஆனால் அப்படியொரு சில்லு அங்கே இருப்பது கெர்னலுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. மூன்று கம்பிகளும் சில்லை நோக்கியே போகின்றன. "நான் இங்கே இருக்கிறேன்" என்று திருப்பிச் சொல்ல அதற்கு ஒரு கம்பிகூட இல்லை.

இந்த மூன்று கம்பி ஏற்பாட்டுக்கு ஐ2எஸ் என்று பெயர். பிலிப்ஸ் நிறுவனம் 1986இல் வகுத்தது. ஒரு கம்பியில் தரவு பிட் பிட்டாக ஓடும். இன்னொன்று ஒவ்வொரு பிட்டுக்கும் தாளம் போடும் பிட் கடிகாரம். மூன்றாவது, இப்போது ஓடுவது இடப்பக்க ஒலியா வலப்பக்க ஒலியா என்று காட்டும் கடிகாரம். வினாடிக்கு 48,000 மாதிரிகள், இரண்டு சேனல்கள், ஒவ்வொன்றுக்கும் 32 பிட் என்றால் பிட் கடிகாரம் வினாடிக்கு 30,72,000 முறை துடிக்க வேண்டும்.

சில்லு பேசாது என்றால் அதற்காக வேறு யாராவது பேச வேண்டும். இத்தகைய பலகைகளில் இருக்கும் ஆர்ம் வகைச் செயலிகளுக்கான லினக்ஸ் இயங்குதளத்தில் முன்பு ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாக ஒரு சி நிரல் கெர்னலுக்குள்ளேயே எழுதப்பட்டது. ஒரே செயலியை வைத்துப் பத்துப் பேர் பத்துப் பலகை செய்தால் பத்துக் கோப்புகள். 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமையிழந்து கண்டித்த பிறகுதான் ஆர்ம் உலகம் டிவைஸ் ட்ரீ பக்கம் வேகமாகத் திரும்பியது. அது புதுச் சரக்கு அல்ல. சன் நிறுவனக் கணினிகளில் பிறந்து 1994இல் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇயின் தரமாகவும் வெளிவந்த, கணினியைத் தொடங்கிவைக்கும் ஓப்பன் ஃபர்ம்வேர் வழி வந்தது. பலகையில் என்னென்ன எங்கெங்கே இருக்கின்றன என்பதை ஒரு தனிக் கோப்பில் எழுதி, சுருக்கி, கெர்னல் கண்விழிக்கும்போது அதன் கையில் கொடுத்துவிடுகிறோம். வீட்டைக் கட்டியவர் கொடுக்கும் வரைபடம் மாதிரி.

ஒலிக்கு அந்த வரைபடத்தில் குறைந்தது மூன்று பதிவுகள் வேண்டும். செயலிக்குள் இருக்கும் ஐ2எஸ் பகுதிக்கு ஒன்று, வெளியே இருக்கும் ஒலிச் சில்லுக்கு ஒன்று. மூன்றாவதுதான் விசித்திரம்: 'சவுண்ட் கார்டு' என்று ஒரு பதிவு. பலகையை உருப்பெருக்கியால் தேடினாலும் அந்தப் பெயரில் ஒரு பொருள் கிடைக்காது. முதல் இரண்டையும் எந்தக் கம்பி எப்படி இணைக்கிறது என்ற செய்திதான் அது. இதற்கான பொதுவான டிரைவருக்கு 'சிம்பிள் ஆடியோ கார்டு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'சிம்பிள்' என்பதை அதனோடு மல்லுக்கட்டிய எவரும் நகைச்சுவையாகவே எடுத்துக்கொள்வார்கள்.

முதலில் தீர்க்க வேண்டிய வழக்கு, தாளம் போடுவது யார் என்பது. செயலியும் போடலாம், சில வகைச் சில்லுகளும் போடலாம். ஒருவர் மட்டுமே போட வேண்டும். இருவரும் போட்டால் ஒரே கம்பியை இரண்டு பக்கமும் இழுத்துக்கொள்வார்கள். ஒருவரும் போடாவிட்டால், பாட்டை ஓடவிட்ட கட்டளை பத்து வினாடி போல அசையாமல் நின்றுவிட்டு, உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்று முனகி வெளியேறும். தாளம் போடும் சில்லுக்கு வரும் மூலக் கடிகாரத்தின் வேகத்தைத் தவறாக எழுதினால் இன்னும் வேடிக்கை. பலகையில் இருப்பது 11.2896 மெகாஹெர்ட்ஸ் படிகம், நாம் எழுதியது 12.288 என்று வைத்துக்கொள்வோம். மூன்று நிமிடப் பாட்டு கூடுதலாகப் பதினாறு வினாடி ஓடும். பாடகரின் குரல் ஒரு கட்டைக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருக்கும். கெர்னல் வாயே திறக்காது. அதன் கணக்கில் எல்லாம் சரி.

அடுத்து வழித்தடம். கையடக்கக் கருவிகளில் மின்கலம்தான் உயிர் என்பதால், ஒலி போகும் பாதையில் இருக்கும் பகுதிகளுக்கு மட்டுமே கெர்னல் மின்சாரம் கொடுக்கிறது. பாதை தொடக்கம் முதல் கடைசிவரை அறுபடாமல் இருக்கிறதா என்று பார்த்து, அறுந்திருந்தால் அணைத்தே வைக்கிறது. அந்தப் பாதையையும் நாம்தான் சொல்ல வேண்டும், இரண்டிரண்டு பெயர்களாக. அதில் போய்ச் சேரும் இடம் முதலில், புறப்படும் இடம் பிறகு. பஸ் பலகையைப் பின்னாலிருந்து படிப்பது போன்ற இந்த முறையை யார் யோசித்தார்களோ! ஒரு இணைப்பை எழுத மறந்தால் போதும்; பாட்டு ஓடுவதாகத் திரை சொல்லும், ஹெட்போனில் சத்தமே இருக்காது.

நான் ஒரு முழு மாலையைத் தொலைத்தது இவை எதிலும் அல்ல, ஒற்றைச் சொல்லில். வேறொரு பலகையின் கோப்பிலிருந்து சில வரிகளை எடுத்துப் போட்டிருந்தேன். ஆலாபனை மென்மையாக, அழகாகக் கேட்டது. தவில் சேர்ந்து நாகஸ்வரம் உச்சத்துக்கு ஏறியதும் ஒலி கிழிந்தது. ஸ்பீக்கரைச் சந்தேகித்தேன், மின்சார அடாப்டரை மாற்றினேன். இடமும் வலமும் மாறி ஒலிப்பதைக் கவனித்த பிறகுதான் பொறி தட்டியது. ஐ2எஸ் முறையில் பக்கம் மாறிய பிறகு ஒரு துடிப்பு காத்திருந்துதான் முதல் பிட் வரும். கோப்பில் இருந்ததோ 'லெஃப்ட் ஜஸ்டிஃபைடு'. அதில் காத்திருப்பு கிடையாது, இடவலக் குறியும் தலைகீழ். என் சில்லு ஐ2எஸ் முறைக்காகக் கம்பியிடப்பட்டிருந்ததால் ஒவ்வொரு எண்ணிலும் முதல் பிட்டைத் தவறவிட்டு இரண்டாவதிலிருந்து படித்தது. எண் நேரா எதிரா என்று சொல்வது முதல் பிட்தான். சிறிய எண்களில் முதல் இரண்டு பிட்டும் ஒன்றாகவே இருக்கும். எனவே அவை இருமடங்காகி ஒலித்தன, அவ்வளவுதான். பெரிய எண்களில் அவை வேறுபடும். நேர் எண் எதிர் எண்ணாகத் தாவும். அந்தத் தாவல்தான் கிழிசல்.

சொல்லை மாற்றி, கோப்பை மறுபடி தொகுத்து, பலகையை அணைத்து இயக்கினேன். தவில் வலப்பக்க ஸ்பீக்கருக்குத் திரும்பியிருந்தது.